நாற்காலி குடித்த எண்ணெய்

போன வருடம் ஆடி மாதம் நான் செய்த ஒரு முட்டாள்தனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது. பர்மா தேக்கு. முதுகும் இருக்கையும் ஒரே சரிவாகப் பிரம்புப் பின்னல். கைப்பிடிக்கு அடியில் இன்னொரு நீளப் பலகை மடங்கி இருக்கும். அதை வெளியே திருப்பினால் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுக்கலாம். தாத்தா ரங்கூனிலிருந்து அனுப்பியது. அப்பா அதில் உட்கார்ந்துதான் 1997 வரை பேப்பர் படித்தார். அவருக்குப் பிறகு நான் உத்தியோகம், மாற்றல் என்று ஊர் ஊராக அலைந்ததில் அது தேவகோட்டை வீட்டு உள் அறையில் துணி போர்த்தியபடியே கிடந்தது. ஓய்வு பெற்று ஊர் திரும்பி, துணியை எடுத்துப் பார்த்தால் மரம் சாம்பல் பூத்து, வறண்டு, கைப்பிடியில் மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். எந்த எண்ணெய் என்பதுதான் தெரியாது. சமையலறையில் நல்லெண்ணெய் இருந்தது. பூட்டுக்குப் போடுகிறோம், கதவுக் கீலுக்குப் போடுகிறோம், தலைக்கும் போடுகிறோம், நாற்காலிக்கு ஆகாதா என்று அரை லிட்டர் வரை தேய்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. தேன் நிறத்தில் ரேகை ரேகையாக மரம் எழுந்து வந்தது. மறுநாளும் ஈரம். ஒரு வாரம் கழித்தும் ஈரம். ஒரு மாதத்தில் பிசுபிசுவென்று ஆகி, அதில் தூசியும் எறும்பும் ஒட்டி, உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகில் நாற்காலியின் படம் விழுந்தது.

கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டேன். விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, "என்ன சார், ஊறுகாய் போட்டிருக்கீங்களா?" என்றார்.

கிண்டல்தான். ஆனால் பிறகு படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் சரி என்று தெரிந்தது. எண்ணெய்களில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய், இரண்டுக்கும் நடுவே தடுமாறும் எண்ணெய் என்று மூன்று ஜாதி உண்டு. தேங்காய் எண்ணெய் எத்தனை வருடம் ஆனாலும் காயாது. நல்லெண்ணெய் நடு ஜாதி. அதிலும் ஒரு விசேஷம்: காற்றுப் பட்டுக் கெட்டுப்போகாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சரக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. ஊறுகாய்க்கு நம் பாட்டிகள் அதை விட்டதற்கும், என் நாற்காலி காயாததற்கும் காரணம் ஒன்றேதான்.

காய்வது என்றால் தண்ணீர் காய்வது போல ஆவியாகிப் போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. காயும் எண்ணெய் ஆவியாகிப் போய்விடுவதில்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை உள்ளே இழுக்கிறது. எண்ணெயின் கண்ணிகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகி, திரவம் கெட்டியான தோலாக மாறுகிறது. காய்ந்த ஆளிவிதை எண்ணெயை நிறுத்துப் பார்த்தால் எடை கூடியிருக்கும். ஓர் எண்ணெய்க்கு இப்படி இழுக்கும் சக்தி எவ்வளவு என்று கணக்கிட 1884-ல் ஹ்யூப்ல் என்ற ஆஸ்திரியர் அயோடின் எண் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-க்குள். கடலை எண்ணெய்க்கு 90 பக்கம். நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 110. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். லின்ஸீட் ஆயில் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பது இதைத்தான்.

ஹ்யூப்ல் எண் போடுவதற்கு ஆயிரத்து சொச்சம் வருடம் முன்பே மனிதர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது. ஆறாம் நூற்றாண்டு கிரேக்க வைத்தியர் ஏட்டியஸ், வால்நட் எண்ணெய் காயும் குணமுள்ளது, தங்க முலாம் பூசுகிறவர்களுக்கு உபயோகப்படுகிறது என்று மருத்துவ நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற ஜெர்மானியத் துறவி, ஆளிவிதை எண்ணெயில் பிசினைப் போட்டுக் காய்ச்சி மெருகு எண்ணெய் செய்யும் முறையை விவரித்திருக்கிறார். எண்ணெய் வர்ணத்தைக் கண்டுபிடித்தவர் யான் வான் எய்க் என்று 1550-ல் வசாரி எழுதியது ரொம்ப நாள் பள்ளிப் பாடமாக இருந்தது. ஆனால் ஆப்கானிஸ்தானில், தாலிபான்கள் 2001-ல் உடைத்த பாமியான் புத்தர் சிலைகளுக்குப் பின்னால் உள்ள குகைகளின் சுவரோவியங்களை ஆராய்ந்தார்கள். ஏழாம் நூற்றாண்டு ஓவியங்களிலேயே காயும் எண்ணெய் கலந்திருக்கிறது என்று 2008-ல் அறிவித்தார்கள். வான் எய்க்குக்கு எண்ணூறு வருடம் முந்தியது. அந்தச் சிலைகளை உடைத்ததைத்தான் உலகம் பார்த்தது. பின்னால் இருந்த இந்த எண்ணெயை எத்தனை பேர் கவனித்தார்கள்?

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

ஆசாரி முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் என் ஊறுகாயைத் துடைத்து எடுத்தார். பிறகு கண்ணாடித் துண்டால் சுரண்டினார். உப்புத்தாளை அப்புறம்தான் தொட்டார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டவர் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க சார், இது வேற சரக்கு" என்றார். கால்களின் அடிப்பாகமும், பின்சட்டத்தின் உட்புறமும் கன்னங்கரேலென்று இருந்தன. வர்ணம் இல்லை, மரத்துக்குள் இறங்கிய கறுப்பு. சுரண்டிய இடத்தில் முகர்ந்தால், எண்பது வருடத்துக்குப் பிறகும், மிக லேசாக மண்ணெண்ணெய் வாடை.

ஐராவதி ஆற்றங்கரையில் ஏனாங்யாங் என்று ஓர் ஊர். நாறும் தண்ணீர் ஓடை என்று பர்மிய மொழியில் அர்த்தம் சொல்வார்கள். அங்கே வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே கையால் கிணறு வெட்டி, பானையில் கயிறு கட்டி, கச்சா எண்ணெய் இறைத்தார்கள். ட்வின்ஸா என்ற பரம்பரைக் குடும்பங்களுக்கு அந்தக் கிணறுகளின் உரிமை. 1795-ல் ஆவா அரசவைக்குத் தூது போன மைக்கேல் சைம்ஸ் இந்தக் கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். விளக்கெரிக்க ஒரு பங்கு என்றால், வீட்டு மரத்தில் பூச ஒரு பங்கு. பர்மாவில் தேக்கு மடாலயங்களும் வீடுகளும் கறுத்து நிற்பதற்கு இந்த எண்ணெயும் ஒரு காரணம். கரையான் கிட்டே வராது. ஆனால் இது காயும் எண்ணெய் அல்ல. லேசான பகுதி ஆவியாகிப் போகும், மெழுகும் கறுப்பும் மரத்தில் தங்கும். அதனால் மனிதன் உடம்பு படும் இடத்தில் பூச மாட்டார்கள். என் நாற்காலியில் அடியிலும் பின்னாலும் மட்டும் பூசிய அந்த ரங்கூன் தச்சன் விவரம் தெரிந்தவன்.

தேக்குக்கு இது கொஞ்சம் அதிகப்படியும்கூட. தேக்கே தன் எண்ணெயைத் தன்னுள் வைத்திருக்கும் மரம், கரையான் சுலபத்தில் தொடாது. பர்மாவில் மரத்தை வெட்டுவதற்கு முன் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, நின்ற வாக்கிலேயே இரண்டு மூன்று வருடம் சாக விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. உலர்ந்தால்தான் ஆற்றில் விட்டு ரங்கூனுக்குக் கொண்டுவரலாம். இந்தத் தேக்குக்காக ஒரு யுத்தமே நடந்தது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் மீது மன்னர் தீபாவின் அரசவை அபராதம் போட்டதைச் சாக்காக வைத்துத்தான் 1885-ல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்து, மன்னரை ரத்னகிரிக்கு அனுப்பினார்கள்.

தாத்தா ரங்கூன் முகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளை. மூன்று வருடம் அங்கே, கொஞ்ச நாள் இங்கே என்று போய் வந்துகொண்டிருந்தவர். நாற்காலி 1938-ல் கப்பலில் வந்தது. அவர் வரவில்லை. பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பாதி செல்லரித்துப்போனது. 1940-ஐ ஒட்டிய ஒன்றில், துறைமுகத்தில் சீனாக்காரர்களின் எண்ணெய்ப் பீப்பாய்கள் மலை போல் குவிந்திருப்பதையும், எதிர்ப்பக்கம் லாரி லாரியாகச் சாமான் போவதையும் எழுதியிருந்தார். சின்ன வயதில் அதைப் படித்தபோது சமையல் எண்ணெய் என்றுதான் நினைத்தேன். அது டங் எண்ணெய் என்று எனக்குப் புரிவதற்கு இந்த நாற்காலி வேலை தேவைப்பட்டது.

டங் என்பது சீனாவில் வளரும் மரம். அதன் கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெயை விடச் சீக்கிரம் கெட்டிப்படும், தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். சீனர்கள் கப்பல் இடுக்குகளைச் சுண்ணாம்பும் சணலும் ஒரு மர எண்ணெயும் கலந்து அடைத்ததை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வார்னிஷ் கம்பெனிகளுக்கு இது இல்லாமல் ஓடாது என்ற நிலை. ஜப்பான் 1937-ல் சீனாவுக்குள் புகுந்து கடற்கரைத் துறைமுகங்களைப் பிடித்தபோது, சீன அரசு தன் பாங்கர் சென் குவாங்ஃபூவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1939-ல் 2 கோடியே 50 லட்சம் டாலர் கடன் கிடைத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியது பணமாக அல்ல, டங் எண்ணெயாக! டங் எண்ணெய்க் கடன் என்றே சரித்திரத்தில் பெயர். மேஜை நாற்காலிக்கு மெருகு போடும் எண்ணெயை அடமானம் வைத்து ஒரு நாடு யுத்தத்துக்கு லாரி வாங்கியது.

கடற்கரை போனபின் எண்ணெய் வெளியே வர வழி எது? குன்மிங்கிலிருந்து பர்மா எல்லை தாண்டி லாஷியோ வரை 1,150 கிலோமீட்டர் மலைப் பாதையை, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பெரும்பாலும் கையாலேயே வெட்டி 1938-ல் முடித்தார்கள். பர்மா ரோடு. லாஷியோவிலிருந்து ரயிலில் ரங்கூன். எண்ணெய் இறங்கி வரும், லாரியும் ஆயுதமும் ஏறிப் போகும். 1940 ஜூலையில் ஜப்பான் மிரட்டலுக்குப் பணிந்து ஆங்கிலேயர் அந்தப் பாதையை மூன்று மாதம் மூடினார்கள், அக்டோபரில் திறந்தார்கள். தாத்தா பார்த்த பீப்பாய் மலைக்கு இவ்வளவு பின்கதை.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் நகரம் போயிற்று. ஏப்ரலில், ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆங்கிலேயரே தீ வைத்தார்கள். கப்பலுக்குக் காசும் செல்வாக்கும் இல்லாத லட்சக்கணக்கான இந்தியர்களோடு தாத்தாவும் நடந்தார். டமு வழியாக இம்பால், அங்கிருந்து திமாபூர், பிறகு ரயில். 1942 ஜூன் மாதம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பாட்டி யாரோ பிச்சைக்காரர் என்று அரிசி எடுத்துவர உள்ளே போய்விட்டாராம். இதைப் பாட்டி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவையும் சிரித்துச் சொன்னதில்லை. தாத்தா மீதி நாலு வருடத்தை இந்த நாற்காலியில்தான் கழித்தார். பர்மாவைப் பற்றிப் பேசமாட்டாராம்.

அவருக்குப் பின் நாற்காலி அப்பாவிடம் வந்தது. அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், பள்ளி கிரிக்கெட் குழுவையும் பார்த்துக்கொண்டவர். அந்தக் காலத்தில் புது மட்டை வாங்கினால் நேரே ஆடிவிட முடியாது. பச்சை லின்ஸீட் ஆயிலைக் கொஞ்சமாகத் தடவி, ஊறவிட்டு, மறுபடி தடவி, பழைய பந்தால் தட்டித் தட்டிப் பழக்க வேண்டும். அந்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை அப்பா வருடா வருடம் போகியன்று நாற்காலிக்குப் போடுவார். நாங்கள் வெளியே பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருப்போம், அவர் உள்ளே ஒரு கிழிந்த பனியனோடு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பார். தினம் ஒரு தடவை என்று ஒரு வாரம், வாரம் ஒரு தடவை என்று ஒரு மாதம், மாதம் ஒரு தடவை என்று ஒரு வருடம், அப்புறம் ஆயுசுக்கும் வருடம் ஒரு தடவை என்று ஆங்கிலத் தச்சர்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. அப்பாவுக்கு அந்தக் கணக்குத் தெரியுமோ என்னவோ, கடைசி வரியை மட்டும் விடாமல் கடைப்பிடித்தார். ஆசாரி சுரண்டியபோது மேலே என் பிசுக்கு, அதற்குக் கீழே நல்ல மஞ்சள் நிறத்தில் இறுகிய ஒரு தோல். "இது போட்டவர் கை நல்ல கை" என்றார். அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தத் தோலை முழுக்க எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மகன் சென்னையிலிருந்து, பாலியூரித்தேன் அடித்துவிடுங்கள், பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றான். அவன் சொன்னதும் தப்பில்லை. ஆனால் அது மரத்தின் மேல் கண்ணாடி மாதிரி உட்காரும். ஓரிடத்தில் உடைந்தால் முழுதும் சுரண்டித்தான் ஆக வேண்டும். எண்ணெய் அப்படியில்லை, தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்தால் பழையதோடு சேர்ந்துகொள்ளும். பழசைக் காப்பாற்ற நினைக்கிறவனுக்கு எண்ணெய்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடையில் டீக் ஆயில், டேனிஷ் ஆயில் என்று அழகான டப்பாக்கள் இருக்கின்றன. முதலாவதைத் தேக்கிலிருந்து எடுப்பதில்லை. இரண்டிலும் பெரும்பாலும் இதே ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோதான், கொஞ்சம் பிசினும் தின்னரும் கலந்து. பாயில்டு லின்ஸீட் என்பதும் இப்போது கொதிக்க வைத்ததல்ல. முன்பு ஈயச் செந்தூரம் மாதிரி ஈயச் சரக்குகளைப் போட்டுக் காய்ச்சுவார்கள். இப்போது சீக்கிரம் காய கோபால்ட், மாங்கனீசு உப்புகளைக் கலக்கிறார்கள்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் பாதிப் பாதி. அதற்கு முன் தேக்கின் சொந்த எண்ணெய் தடுக்காமல் இருக்க ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு. பழைய வேட்டித் துண்டால் தாராளமாகத் தடவி, இருபது நிமிஷம் விட்டு, மேலே நிற்பதை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட வேண்டும். எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். மரம் குடிக்காததை மேலே விட்டால் அது சுருங்கித் தோலாகி அசிங்கமாகும். ஆசாரி துடைத்த துணிகளை என்னிடம் கொடுத்து, "கொடியில விரிச்சுப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனார்.

நான் விரித்துப் போடவில்லை. எண்ணெய்த் துணியைக் கொடியில் போட்டால் கொடி கெடும் என்று சுருட்டி, மரத்தூள் அள்ளிய பிளாஸ்டிக் வாளியில் திணித்து உள் அறை ஜன்னலடியில் வைத்தேன். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு நான் கண்ணயர்ந்துவிட்டேன். என் மனைவிதான் ஏதோ கருகுகிறதே என்று அடுப்பைப் போய்ப் பார்த்து, அடுப்பில் ஒன்றும் இல்லாமல், வாடை பிடித்து உள் அறைக்கு வந்திருக்கிறாள். வாளியிலிருந்து புகை. அவள் வாளியைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தபோது காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றியது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நாலடி தூரத்தில், லீவுக்கு வந்திருந்த பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிராணவாயுவை இழுக்கும்போது எண்ணெய் சூட்டை வெளியிடுகிறது. நாற்காலியின் மேல் மெல்லிய பூச்சாக இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் போக இடமில்லாமல் சேர்ந்து, சேர்ந்த சூடு காய்தலை இன்னும் வேகப்படுத்தி, கடைசியில் தானே எரியும். 1991 பிப்ரவரி 23-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் இதேதான் நடந்தது. மரப் பலகைச் சுவருக்கு எண்ணெய் மெருகு போட்டவர்கள் துணிகளை அப்படியே விட்டுப் போனார்கள். எட்டு மாடிகள் எரிந்தன, மூன்று தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். 30-வது மாடியில் தண்ணீர் தெளிப்பான் இருந்ததால் அங்கே நின்றது. பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தே விட்டார்கள்.

டீ குடித்துவிட்டு வந்த ஆசாரி கொல்லையில் கருகிக் கிடந்த வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த துணிகளை அவரே எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாக உதறி, கிணற்றுச் சுவர்மேல் தனித்தனியாக விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்து அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதுவரை மூன்று பூச்சு முடிந்திருக்கிறது. வெடிப்புகள் மூடவில்லை, ஆனால் கறுத்த கோடுகளாக அடங்கிவிட்டன. அடியில் இருக்கும் ஏனாங்யாங் கறுப்பை அப்படியே விட்டுவிட்டோம். பிரம்பு பின்ன ஆள் சொல்லியிருக்கிறேன். பேத்தி ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று தினமும் விரலால் தொட்டுப் பார்க்கிறாள். நேற்று தொட்டுவிட்டு விரலை என்னிடம் நீட்டினாள். "ஒட்டலை தாத்தா."

நானும் தொட்டுப் பார்த்தேன். இன்னும் மூன்று நாள் போகட்டும் என்றேன்.